காந்தச் சூட்டில் விரிசல் ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: கண்ணாடியிழை சேர்த்த எப்பாக்ஸி பிசின் தகடுகளில் நுண்விரிசல்கள் விழுகின்றன. பிசினோடு இரும்பு ஆக்சைடு நானோதுகளைக் கலந்து, விரிசல் கண்டதும் காந்தப்புலத்தால் சூடேற்றினால் அது தானே ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். சமையலறை இண்டக்ஷன் அடுப்பு இதற்குப் போதுமா?

பதில்: அடுப்பு போதாது, அதைவிட முக்கியமாக, உங்கள் பிசினே இதற்கு ஏற்றதல்ல. மாறுதிசை காந்தப்புலத்தில் துகள்களின் காந்தத்திசை ஓயாமல் புரளும்போது இழக்கப்படும் ஆற்றல் வெப்பமாகிறது. துகள்களின் வேலை அதோடு முடிந்தது. விரிசலை ஒட்டவைக்க வேண்டியது பிசினாக உள்ள பாலிமர், அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்தான். இறுகிய சாதாரண எப்பாக்ஸியில் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகள் நிரந்தரமானவை என்பதால், எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகாது, கருகத்தான் செய்யும். ஆகவே, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உருகி விரிசலுக்குள் பாயும் பாலிகாப்ரோலாக்டோன் போன்ற பாலிமர் ஒன்றைப் பிசினில் முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும். அல்லது 120 டிகிரியை ஒட்டிப் பிரிந்து, சூடு தணியும்போது மீண்டும் இணையும் ஃப்யூரான்–மாலிமைடு பிணைப்புள்ள பிசினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாலிமர்கள் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவதால், வெளியிலிருந்து சூடேற்றினால் உள்ளே சூடு சேருமுன் மேற்பரப்பு கெட்டுவிடும். துகள்களோ உள்ளிருந்தே சுடுகின்றன. இம்முறையின் உண்மையான ஆதாயம் இதுதான். (கார்பன் இழையாக இருந்தால் கதையே வேறு: காந்தப்புலம் இழைகளுக்குள் தூண்டும் சுழல் மின்னோட்டத்தால் இழைகளே சூடாகும், துகள் தேவைப்படாமலும் போகலாம்.)

வீட்டு அடுப்புகள் பெரும்பாலும் 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையில் எஃகுப் பாத்திரத்துக்காக இயங்குபவை. பாத்திரம் இல்லையென்று உணர்ந்தால் அணைந்தும்விடும். நானோதுகள்களுக்குப் பொதுவாகச் சில நூறு கிலோஹெர்ட்ஸ் தேவை. நிலைக்காந்தமோ சூடே தராது.

வெப்பநிலையை அளப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியின் உலோகக் கம்பி அந்தப் புலத்தில் தானே சூடாகிப் பொய்யான அளவைக் காட்டக்கூடும். ஒளியிழை உணரியோ அகச்சிவப்புக் கேமராவோ பயன்படுத்துங்கள். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு தன் காந்தத்தன்மையை இழக்கும் கியூரி வெப்பநிலை சுமார் 585 டிகிரி என்பதால், பிசின் கெடுமுன் சூடேறுவது தானாக அடங்காது. துகள்கள் திரண்டு கட்டிபட்ட இடங்களில் சூடு சீராக இராது என்பதால், கலக்கும்போதே அவற்றை நன்றாகப் பரவச் செய்வது அவசியம்.

விரிசலின் இரு முகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும். எனவே சூடேற்றும்போது உலோகமல்லாத பிடிப்பான்களால் இறுக்கி வையுங்கள். அறுந்த கண்ணாடியிழை எந்தச் சூட்டிலும் ஒட்டிக்கொள்ளாது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய இழையடுக்கு வைத்து ஒட்டுவதே வழி.