கண்ணாடி அணிந்தவர்களை ஃபிளாஷில் படம் எடுப்பது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறிய ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். அறுபதாம் கல்யாணத்திற்காகப் பெற்றோரை அழைத்து வந்து படம் எடுத்துக்கொள்பவர்கள் எங்கள் ஊரில் அதிகம்; அந்தப் பெரியவர்களில் பெரும்பாலோர் கண்ணாடி அணிந்தவர்கள். கேமராவின் இருபுறமும், ஒளியை மென்மையாகப் பரப்பும் குடை பொருத்திய இரண்டு ஃபிளாஷ்களை முகத்தின் உயரத்தில் வைத்து எடுக்கிறேன். குடைகள் கண்ணாடியில் வெள்ளையாக விழுந்து கண்களை மறைத்துவிடுகின்றன. ஃபிளாஷின் பவரைக் குறைத்தும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை வாங்கி லென்ஸில் போட்டும் பயன் இல்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்வதுதான் ஒரே வழியா?
— வாசகர், இராஜபாளையம்

பதில்: கழற்றச் சொல்ல வேண்டாம். பல ஆண்டுகளாகக் கண்ணாடியோடு பார்த்துப் பழகிய அப்பாவின் முகம், கண்ணாடி இல்லாத படத்தில் பிள்ளைகளுக்கே வேறு யாரோ போலத் தோன்றும். மூக்கின் இருபுறமும் ஃபிரேம் அழுத்திய தழும்புகளும் எடுப்பாகத் தெரியும்.

பவரைக் குறைத்தபோது முகத்தில் விழும் வெளிச்சமும் சேர்ந்தே குறைந்திருக்கும். அதை ஈடுகட்ட அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, பெரிதாகத் திறந்தவுடன் பிரதிபலிப்பும் பழைய அளவுக்கே வந்திருக்கும். போலரைசர், கண்ணாடிப் பரப்பில் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகைச் சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் நன்றாகத் தடுக்கும். நேராக அமர்ந்திருப்பவரின் கண்ணாடியில் ஒளி அதைவிட மிகக் குறைந்த சாய்வில் படுவதால், அந்த ஃபில்டர் உங்களுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டு, வெள்ளையை அப்படியே விட்டுவிடும்.

மாற்ற வேண்டியது விளக்கின் இடத்தை. கேரம் பலகையின் விளிம்பில் மோதிய ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் போனதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்புவது போல, ஒளியும் கண்ணாடியில் பட்ட கோணத்திலேயே திரும்புகிறது. அந்தத் திரும்பு பாதையில் லென்ஸ் இருந்தால் குடை தெரியும். இல்லாவிட்டால் ஃபிளாஷ் எவ்வளவு பலமாக இருந்தாலும் தெரியாது. ஆகவே முதலில் ஸ்டாண்டை உயர்த்துங்கள். உயரத்தைக் கணக்கிடும்போது பலரும் குடையின் நடுப்பகுதியைப் பார்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது அதன் கீழ்விளிம்பு. பெரிய குடை முகத்திற்கு மென்மையான ஒளியைத் தரும் என்பது உண்மைதான், ஆனால் அதன் கீழ்விளிம்பு அந்த அளவுக்குத் தாழ்ந்து தொங்குவதால், சிறிய குடையைவிட அதை இன்னும் உயரத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஃபிளாஷை அணைத்துவிடலாம் என்பது என் கருத்து. ஒரே விளக்கைக் கேமராவின் வலப்புறம் உயரத்தில் வைத்து, அமர்ந்திருப்பவரின் முகத்தை உங்கள் பார்வைக்குச் சற்றே இடப்புறம் திருப்பச் சொன்னால், கண்ணாடி விளக்கைவிட்டு விலகிய திசையையே லென்ஸுக்குக் காட்டும். விளக்கு உயர்ந்ததால் புருவத்தின் கீழும் கழுத்திலும் விழும் நிழலைப் போக்க, மார்புக்குக் கீழே, படத்தில் வராதபடி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் போதும். அட்டை மிக அருகில் வந்தால் கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒரு வெள்ளைக் கோடு விழும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓரத்தில் சிறிது வெள்ளை எஞ்சினால், காதின் மேல் அமரும் கம்பிகளை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, தலைமுடிக்குள் மறையும்படி விடுங்கள். கம்பியின் நீளம் வழக்கமாக 14 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், இந்தச் சிறு மாற்றத்தில் கண்ணாடி ஏறக்குறைய 4 பாகை கீழ்நோக்கிச் சாய்கிறது. திரும்பும் ஒளியோ அதன் இரு மடங்கு, அதாவது 8 பாகை விலகுகிறது. ஆறு அடி தூரத்தில் உள்ள குடையை ஏறத்தாழ பத்து அங்குலம் உயர்த்துவதற்கு இது சமம். படத்தைப் பார்ப்பவர் எவரும் கண்ணாடி சாய்ந்திருப்பதைக் கவனிக்க மாட்டார்.

பிளஸ் பவர் கண்ணாடியின் முன்பரப்பு அதிகம் புடைத்திருப்பதால், அது அகன்ற பரப்பிலிருந்து வரும் ஒளியைப் பிடித்துக் காட்டும். அத்தகையவர்களுக்கு விளக்கை மேலும் உயர்த்தி, கேமராவைப் பின்னால் தள்ளி, நீளமான லென்ஸில் எடுங்கள்.

ஃபிளாஷ் அடிக்கும் முன்பே இதையெல்லாம் சோதிக்கலாம். ஃபிளாஷிலேயே தொடர்ந்து எரியும் மாடலிங் லைட் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, கேமரா இருக்கும் அதே இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் உதவியாளரைக் குடையின் கீழ்விளிம்பில் செல்போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். டார்ச்சின் புள்ளி கண்ணாடியில் தெரிந்தால் குடையும் தெரியும்.

கேள்வி: வீட்டு விசேஷங்களில் கேமராவின் மேல் பொருத்திய ஒரே ஃபிளாஷில் குடும்பப் படம் எடுக்கிறேன். கண்ணாடி அணிந்தவர்களை எப்படி எடுப்பது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வீட்டில் வெள்ளைக் கூரை இருந்தால் ஃபிளாஷின் தலையை மேல்நோக்கித் திருப்பி, கூரையில் பட்டு ஒளி இறங்கும்படி எடுங்கள். மரப்பலகை வேய்ந்த கூரையோ வண்ணம் பூசிய கூரையோ அந்த நிறத்தை முகத்தில் பூசிவிடும். கல்யாண மண்டபத்தில் கூரை எட்டாத உயரத்தில் இருப்பதால் இந்த முறை உதவாது. அங்கே, கேமராவிலிருந்து தள்ளி இருக்கும் ஃபிளாஷையும் இயக்கும் ட்ரிக்கர் வாங்கி, ஃபிளாஷை ஒருவர் கையை உயர்த்திப் பக்கவாட்டில் பிடிக்கும்படி செய்வதே நல்லது. மேடையில் வெள்ளை தெரிந்தால் உங்கள் ஃபிளாஷை மட்டும் சந்தேகிக்காமல், வீடியோகாரரின் எல்.இ.டி. விளக்கு எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: எடுத்த படத்தில் விழுந்துவிட்ட பிரதிபலிப்பை ஃபோட்டோஷாப்பில் நீக்க முடியுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் உள்ள கண்ணாடியில் விழும் மெல்லிய பச்சை அல்லது நீலச் சாயலை, அந்த நிறத்தை மட்டும் குறைத்து எளிதில் சரிசெய்யலாம். முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் கண்ணின் விவரம் எதுவும் பதிவாகியிருக்காது. சந்தேகம் வரும்போதே, அவரை அசையாமல் இருக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி ஒரு படம் கூடுதலாக எடுத்து வையுங்கள். கண்ணை அதிலிருந்து எடுத்து ஒட்டலாம். மைனஸ் பவர் கண்ணாடிக்குள் கண் சிறியதாகத் தெரியும் என்பதால், ஒட்டும் கண்ணையும் அதே அளவுக்குச் சுருக்க வேண்டும். அமெரிக்க விசாவுக்கான படம் என்றால் பொதுவாக இந்த வேலை எதுவும் தேவைப்படாது: 2016 நவம்பர் 1 முதல், அரிதான மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, அந்தப் படங்களில் கண்ணாடி அணிய அனுமதி இல்லை.