காலி டாக்ஸியில் வந்தவர்

கேள்வி: "காலி டாக்ஸி ஒன்று டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டு வாசலில் வந்து நின்றது, அதிலிருந்து அட்லி இறங்கினார்" என்று சர்ச்சில் கேலி செய்தாராமே! இருக்கும் இடமே தெரியாத அந்தத் தொழிற்கட்சித் தலைவர், போரில் வென்ற பிரதமர் சர்ச்சிலைத் தேர்தலில் எப்படித் தோற்கடித்தார்? நமக்குச் சுதந்திரம் கிடைத்ததும் அவருடைய பெருந்தன்மையால்தானா?
— வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: அந்தக் கேலி சர்ச்சிலுடையது அன்று. அவருடைய செயலாளராக இருந்த ஜான் கோல்வில் இதை அவரிடமே சொன்னபோது, அட்லி கண்ணியமானவர், போர்க்காலத்தில் தம்முடன் உண்மையாக உழைத்தவர், அவரைப் பற்றித் தாம் ஒருபோதும் இப்படிப் பேசமாட்டேன் என்று முகம் சுளித்து மறுத்தார். சர்ச்சில் பெயரில் உலவும் கேலிகளில் பாதியை அவர் சொல்லியிருந்தாலும் போர் நடத்த அவருக்கு நேரம் கிடைத்திருக்காது.

வசதியான வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையான அட்லி, 1905இல் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் ஏழைச் சிறுவர்களுக்கான மன்றம் ஒன்றுக்குப் போகத் தொடங்கி, அங்கே கண்ட வறுமையால் வக்கீல் தொழிலைக் கைவிட்டு அந்தப் பகுதியிலேயே குடியேறினார். முதல் உலகப் போரில், சர்ச்சில் முன்னின்று வற்புறுத்திய கலிப்பொலிப் படையெடுப்பு தோற்று, சுவ்லா விரிகுடாவிலிருந்து படைகள் பின்வாங்கியபோது, கடைசியாகக் கரையை விட்டு அகன்ற சிலருள் இவரும் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் சர்ச்சிலின் கூட்டணி அரசில் 1942 முதல் துணைப் பிரதமராக இருந்து, சர்ச்சில் வெளிநாடு சென்ற போதெல்லாம் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியதும் இந்த 'இருக்கும் இடமே தெரியாத' மனிதர்தான்.

1945 தேர்தலில் பிரிட்டன் மக்கள் ஓட்டுப் போட்டது, முடிந்துபோன போருக்காக அன்று. முப்பதுகளில் வேலையின்றித் தெருவில் நின்றதை அவர்கள் மறக்கவில்லை. நோய்க்கும் முதுமைக்கும் அரசு துணை நிற்கவேண்டும் என்ற 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கையையும் மறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் சர்ச்சில் வானொலியில், சோஷலிச அரசு வந்தால் அது ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ போன்ற ஒன்றை வைத்துத்தான் ஆளவேண்டியிருக்கும் என்று பேசி வைத்தார். மறுநாள் அட்லி, போர்த் தலைவர் சர்ச்சிலுக்கும் கட்சித் தலைவர் சர்ச்சிலுக்கும் உள்ள தூரத்தை வாக்காளர்களுக்குக் காட்ட அவர் விரும்பினார் போலும் என்று குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். தொழிற்கட்சிக்கு 640 இடங்களில் 393 கிடைத்தன. பிரதமர் பொறுப்பை ஏற்க மன்னரின் அரண்மனைக்கு அட்லி டாக்ஸியில் போகவில்லை. மனைவி வயலெட் தங்கள் சிறிய காரை ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். மூன்று ஆண்டுகளில், 1948 ஜூலை 5 அன்று, இலவச மருத்துவ சேவை நாடெங்கும் தொடங்கிவிட்டது. அதைக் கட்டி எழுப்பியவர் அனூரின் பெவன். சண்டைக்காரரான அவரைத் தேடி அந்தத் துறையில் உட்காரவைத்தவர் அட்லி.

பெருந்தன்மை என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1928இல் நாம் கறுப்புக்கொடி காட்டித் திருப்பி அனுப்பப் பார்த்த சைமன் குழுவில் அட்லியும் ஓர் உறுப்பினர். அப்போதிலிருந்து இந்திய விவகாரத்தை அவர் விடாமல் படித்தார் என்பதும், சர்ச்சில் நீடித்திருந்தால் இழுத்தடித்திருப்பார் என்பதும் உண்மை. ஆனால் 1946இல் பம்பாயில் கடற்படையினரே கலகம் செய்துவிட்டார்கள். அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கிய பிரிட்டனிடம் இந்தியாவைப் படைபலத்தால் பிடித்து வைக்கும் வலு இல்லை. தர மறுத்தால் பறிபோகும் என்பதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டவர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கிலும் பிழை இருந்தது. 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்று 1947 பிப்ரவரி 20 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தவர், மவுண்ட்பேட்டன் அதை ஆகஸ்ட் 15க்கு முன்தள்ளியபோது தடுக்கவில்லை. தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது பஞ்சாபிலும் வங்காளத்திலும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 17ஆம் தேதி, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து.