கீழ் செட் மட்டும் ஏன் ஆடுகிறது?

கேள்வி: அம்மா முழுப் பல்செட் போட்டிருக்கிறார். மேல் செட் கச்சிதமாக நிற்கிறது, கீழ் செட் மட்டும் மெல்லும்போது எழும்புகிறது. பசை போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்கப் பிடிமானம் உண்டு, கீழே லாட வடிவ ஈறு மேடு மட்டும்தான், பல் போனபின் எலும்பு கரையக் கரைய அதுவும் தாழ்ந்துகொண்டே போகும், போதாததற்கு நாக்கு வேறு தள்ளும். பசையைக் கூட்டாதீர்கள். பல் மருத்துவரிடம் காட்டி, செட்டின் உட்புறத்தை இப்போதைய ஈறுக்கேற்ப ரீலைன் செய்ய (புது அடுக்குப் போட்டுப் பொருத்த) முடியுமா என்று கேளுங்கள், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேர்ந்து கடிக்கின்றனவா என்றும் பார்க்கட்டும். சின்னத் துண்டுகளாக இரண்டு பக்கமும் சேர்த்து மெல்வது நல்லது, முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிவிடும். சரி, அப்படியும் ஆடினால்? கீழ்த் தாடையின் முன்பகுதியில் 2 இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்து, செட்டை அதன்மேல் பட்டன்போல மாட்டுவதைத்தான் நான் சொல்வேன். அவருடைய உடல்நிலை இடம் கொடுத்தால் தயங்காதீர்கள்.