எழுத்து மட்டும் உள்ள சாகச விளையாட்டுகளுக்கான ஐஎஃப்காம்ப் போட்டிக்கு, நிரல் எழுதத் தெரியாத, புதிர் அமைக்கவும் வராத நான் விளையாட்டு அனுப்பலாமா?

நீங்கள் கதை எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். தாராளமாக அனுப்புங்கள், கட்டணம் எதுவும் கிடையாது. 1995-ல் கெவின் வில்சன் தொடங்கியபோது இன்ஃபார்ம், டாட்ஸ் என்ற இரண்டு நிரல்மொழிகளுக்கு ஆளுக்கொரு பிரிவு வைத்திருந்தார்கள். இப்போது ட்வைன் என்ற, நிரல் எழுதாமலே கதை அமைக்க உதவும் மென்பொருளில் கதையைத் துண்டு துண்டாக எழுதி, சொற்களைக் கிளிக் செய்ய வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். புதிர் பற்றியும் கவலை வேண்டாம். 1998-ல் முதலிடம் பிடித்த ஆடம் கேட்ரேயின் ஃபோட்டோபியாவில் புதிர் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமே கிடையாது.

ஆனால் வேறு யாரையாவது விளையாட வைத்துப் பார்க்காமல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன்.

என்னுடையது இன்ஃபார்ம் 7-ல் செய்தது. விளையாடுபவர் ஆங்கிலத்தில் கட்டளை அடிக்க வேண்டும். முதல் காட்சி எங்கள் ஆச்சி வீட்டுக் கிணறு. வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினால் கூடவே ஒரு சாவி வரும், அதை வைத்துத்தான் மற்ற எல்லாம். மூன்று மாதம் ராத்தூக்கம் கெட்டுச் செய்தேன். நான் விளையாடியபோதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் விடை தெரியுமே!

நடுவர் ஒருவர் தான் விளையாடிய பதிவை அப்படியே அனுப்பியிருந்தார். 'லோயர் பக்கெட்' என்று அடித்திருந்தால் சாவி வந்திருக்கும். அவர் 'டிரா வாட்டர்' என்று அடித்திருக்கிறார். புரியவில்லை என்று பதில். 'த்ரோ பக்கெட்'. அதுவும் இல்லை. 'புல் ரோப்' என்றதற்கு, அப்படி எதுவும் இங்கே தெரியவில்லை என்று வந்திருக்கிறது. வாளியில் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருப்பதாக வர்ணனையில் உருகி உருகி எழுதிய நான், கயிறு என்று ஒரு பொருளை உருவாக்கவே மறந்திருந்தேன். கடைசியில் மனிதர் வெறுத்துப்போய் 'ஜம்ப் இன்டு வெல்' என்று அடித்திருக்கிறார். "நீங்கள் குதிக்க விரும்புகிறீர்கள் என்பது வரைதான் புரிந்தது" என்றது என் விளையாட்டு.

இந்தப் போட்டியில் முதல் இரண்டு மணி நேரம் விளையாடியதை வைத்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். அதில் அரை மணி நேரம் கிணற்றடியிலேயே போய்விட்டது. பத்துக்கு மூன்று போட்டார். மற்றவர்களும் ஏறக்குறைய அதே. மதிப்பெண் அதிகமாகச் சிதறும் விளையாட்டுக்கு 'கோல்டன் பனானா' என்று ஒரு வேடிக்கைப் பட்டம் உண்டு. அந்த வாழைப்பழத்துக்கும் வழியில்லாமல் எல்லாரும் ஒற்றுமையாகக் குறைத்திருந்தார்கள்.

"ஆச்சி வீட்டுக் கதையை ஏன் ஆங்கிலத்தில் எழுதினாய்?" என்று கேட்கக் கிளம்பியிருப்பவர்களுக்கு: இன்ஃபார்மின் இலக்கணம் ஆங்கிலத்துக்காகச் செய்தது. வினை முதலில், பொருள் பின்னால். நமக்கு வினை கடைசியில் வரும், வாளி 'வாளியை' ஆகும், கிணறு 'கிணற்றில்' ஆகும். ஸ்பானிஷ், ஜெர்மன்காரர்கள் தங்கள் மொழிக்கு உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. என் ஒருவனால் முடியவில்லை. கேட்கிறவர்கள் சேர்ந்து செய்ய வந்தால் நான் தயார். இதுவரை யாரும் வந்ததில்லை.

அந்த மூன்று மதிப்பெண் எனக்கு ஏன் வலிக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அதே மாதம் அலுவலகத்தில் ஆண்டு மதிப்பீடு. ஐந்துக்கு மூன்று. ஏன் என்று கேட்டால், "உங்கள் அணியில் இத்தனை பேருக்குத்தான் நான்கு தர முடியும்" என்றார் மேலாளர். பத்து வருடமாக என்னைத் தினமும் பார்ப்பவர், பேச்சை நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டார். இங்கே முகம் தெரியாத ஒருவர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, எந்த வரியில் சறுக்கினேன் என்று காட்டியிருக்கிறார். சரி, அது வேறு கதை.

நீங்கள் இந்த வருடம் நடுவராக இருந்து பாருங்கள். யார் வேண்டுமானாலும் இருக்கலாம், குறைந்தது ஐந்து விளையாட்டுக்கு மதிப்பெண் போட்டால்தான் உங்கள் ஓட்டு செல்லும். அடுத்த வருடம் அனுப்புங்கள். சோதித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், கிணற்றில் குதித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

என் கிணற்றில் இப்போது கயிறு இருக்கிறது. போட்டி முடிந்த பிறகு சேர்த்தேன். 'ஜம்ப் இன்டு வெல்' என்று அடித்தால் ஆச்சி துடைப்பத்தோடு வருவாள்.