படலைத் திறப்பு யாரிடம்?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 36 வயது. அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். கலியாணம் முடித்து ஒன்பது வருசம், ஒரு மகன். களுவாஞ்சிகுடியில் மனைவியின் சீதன வீட்டில் இருக்கிறோம். மாமியும் எங்களோடுதான். மனைவி ஆசிரியை, வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் பள்ளிக்கூடம், விடியக் குருமண்வெளித் துறையில் பாதை (மிதவைப் படகு) ஏறிப் போகிறவ. எனக்குக் குடி இல்லை, புகை இல்லை. ஒரேயொரு பைத்தியம் மேடை இசை நிகழ்ச்சி. வைகாசி பிறந்தால் ஆவணி முடியும்வரை எந்தக் கோயிலில் எந்த இரவு எந்த இசைக்குழு என்பது எனக்கு மனப்பாடம். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழா நேரம் அரைநாள் லீவு போட்டும் போயிருக்கிறேன். கிழமைக்கு மூன்று இரவாவது போவேன். வீடு வர ஒரு மணி, இரண்டு மணி ஆகும். ஆறு மாசமாக மனைவி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சண்டையும் பிடிப்பதில்லை. மாமி அப்படியில்லை, தங்கமானவ. எத்தனை மணிக்கு வந்தாலும் எழும்பி வந்து படலையைத் திறந்துவிடுவா, ஒரு வார்த்தை கேட்கமாட்டா. ஒரு கண்ணில் வெண்படலம், வடிவாகத் தெரியாது. ஆனால் காது அவ்வளவு கூர்மை, சந்தியில் திரும்பும்போதே என்ட மோட்டார் சைக்கிள் சத்தத்தை மட்டுக்கட்டிவிடுவா. மாமிக்கு விளங்குவது மனைவிக்கு ஏன் விளங்குதில்லை? விபுலாநந்தர் பிறந்த மண்ணில் ஒருவன் இசையை ரசிப்பது குற்றமா?

– ரசிகன், களுவாஞ்சிகுடி

பதில்:

தம்பி, நீங்கள் எழுதியது நாலு பக்கம். மேலே இருப்பது சுருக்கம். வெட்டிப்போட்டதில் பேஸ் கிற்றாருக்கு மட்டும் பதினொரு வரி இருந்தது, எண்ணிப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் சனத்துக்குள் நிற்காமல், சவுண்ட் மிக்சர் வைத்திருக்கிற மேசைக்குப் பக்கத்தில் நிற்பீர்களாம். இரண்டு பக்கப் பெட்டியும் அங்கேதான் ஒரே அளவாய் வந்து சேருமாம். எல்லா வாத்தியத்தையும் கீபோர்ட் பெட்டிக்குள் அடைத்துவிட்ட காலத்தில், ஒரு மனிசன் நாலு கம்பியைக் கையால் வாசிப்பது நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து இடிக்குமாம். வடிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போனால் நானும் அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கப்போகிறேன்.

மாமிக்கு மூன்று வரி. அதைத்தான் நான் நாலு தரம் வாசித்தேன்.

"காது அவ்வளவு கூர்மை" என்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தம்பி, நித்திரையில் கிடக்கிற ஒரு வயசாளிக்குச் சந்தியில் திரும்புகிற மோட்டார் சைக்கிள் கேட்குமா? ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று அந்த றோட்டில் சாமத்தில் எத்தனை மோட்டார் சைக்கிள் ஓடுகிறது! அதுக்குள் உங்களுடையதைப் பிரித்து எடுக்கிறா என்றால், பத்து மணியிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் இது இல்லை, இது இல்லை என்று கழித்துக்கொண்டு கிடந்திருக்கிறா. அவ எழும்பி வந்து திறக்கவில்லை. நித்திரையே கொள்ளவில்லை. கிழமைக்கு மூன்று இரவு, வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும். கணக்கு உங்களுக்கு நல்லாய் வருமே, கூட்டிப் பாருங்கள்.

மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நின்று இடது பெட்டி, வலது பெட்டி பிரித்துக் கேட்கிற காதுக்கு இது கேட்கவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். ஒன்பது வருசமாக அந்த வீட்டில் இருக்கிறீர்கள். படலைக்குப் பூட்டு இருக்கிறது. பூட்டுக்குத் திறப்பு இருக்கிறது. உங்களிடம் ஏன் ஒரு திறப்பு இல்லை? தரவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா? தரவில்லை என்று என்னால் நம்ப ஏலாது. மருமகன் கேட்டால் வளவையே எழுதிக் கொடுக்கிற சாதி எங்கட மாமிமார். நீங்கள் கேட்கவில்லை. வந்தால் யாரோ ஒருவர் திறப்பார் என்று இருந்துவிட்டீர்கள். விருந்தாளிதான் அப்படி இருப்பான். விருந்தாளியும் இரண்டு நாளில் போய்விடுவான்.

எங்கட பக்கத்து வழமை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு. ஆம்பிளை கலியாணம் முடித்தால் அந்த வீட்டுக்குப் போய் இருக்கிறான். வெளியூர்க்காரர் இதைக் கேட்டால், அப்படியென்றால் மாமியார்தான் ராசாத்தி என்று நினைப்பார்கள். உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும். மருமகன் முகம் கொஞ்சம் சுருங்கினால் மகளின் சீவியம் சுருங்கிவிடும் என்று பயந்து பயந்து வாழ்கிற தலைமுறை அது. அவன் குசினிக்குள் வந்தால் எழும்பி ஒதுங்கி நிற்கிறவர்கள். உங்கள் மாமி "ஒரு வார்த்தை கேட்கமாட்டா" என்று பெருமையாய் எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் என்ன நடக்கும் என்று அவவுக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கவில்லை. அதைப் போய் உங்கள் இசை ரசனைக்குக் கிடைத்த ஆதரவு என்று எடுத்து, பெண்சாதிக்கு எதிராக என்னிடம் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்!

என்ட வீட்டுக் கதையும் இதுதான். என்ட மனிசன் அந்தக் காலத்தில் இரண்டாம் காட்சிப் பைத்தியம். படம் மாறினால் போகாமல் இருக்கமாட்டார். நான் அறைக்குள் படுத்திருப்பேன். விறாந்தையில் அம்மாவின் பாக்குவெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். டக், கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகும் டக். சாமத்தில் ஒருவர் எத்தனை பாக்குத்தான் வெட்டுவது? ஒருநாள் விடிய எழும்பி, ஏனம்மா படுக்காமல் இருக்கிறீங்க என்று கேட்டேன். "உள்ளுக்குள்ள வெக்கை புள்ள, அதான்" என்றா. அது மார்கழி. வெளியில் மழை கொட்டுகிறது. அதுக்குப் பிறகு நான் கேட்கவுமில்லை, மனிசனிடம் சொல்லவுமில்லை. நித்திரை மாதிரிக் கிடந்தேன். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அம்மா போய்க் கனகாலம். பாக்குவெட்டி இப்பவும் என்னிடம்தான் இருக்கிறது.

அதனால் உங்கள் மனைவியின் மௌனத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அந்தப் பிள்ளை உங்கள் பாட்டில் கோபிக்கவில்லை. சாமம் ஒரு மணிக்கு, ஒரு கண் தெரியாத தாய், டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு முத்தத்தில் இறங்கிப் போகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறா. விடிந்தால் பிள்ளையை வெளிக்கிடுத்தி, சமைத்து வைத்துவிட்டுத் துறைக்கு ஓட வேண்டும். பாதை அவவுக்காகக் காத்து நிற்காது. சண்டை பிடிக்காததுக்குக் காரணமும் அந்தத் தாயாகத்தான் இருக்கும். "பேசாம இரு புள்ள, ஆம்பிளை நல்லவன், குடிக்கிறானா அடிக்கிறானா" என்று சொல்லி அடக்கி வைத்திருப்பா. நான் பக்கத்தில் நின்று கேட்கவில்லை. ஆனால் இந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

குடியில்லை, புகையில்லை என்பதைப் பற்றி ஒரு வரி. அது இல்லாமல் இருப்பது கடமை. அதைக் காட்டி வேறு ஒன்றுக்கு லீவு கேட்க ஏலாது.

இனி விபுலாநந்தர். அவரை ஏன் தம்பி இதுக்குள் இழுக்கிறீர்கள்? அவர் காரைதீவில் 1892இல் பிறந்தார், 1924இல் துறவறம் பூண்டார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ்நூலுக்காகப் பதினாலு வருசம் அளவில் பாடுபட்டு, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிவிட்டு, அடுத்த மாதம் 19ஆம் திகதி கண்ணை மூடினார். இசைக்கு உயிரைக் கொடுத்தார் என்று சொன்னால் அவருக்குப் பொருந்தும். ஏனென்றால் அவர் துறவி. துறவிக்குப் படலை திறந்துவிட ஒருவரும் நித்திரை முழிக்கத் தேவையில்லை. உங்களுக்கும் அந்த வழி வேண்டுமென்றால் அதைக் கலியாணத்துக்கு முன்னம் யோசித்திருக்க வேண்டும்.

"எங்கட ஆட்கள் முந்தி விடியவிடியக் கூத்துப் பார்க்கவில்லையா" என்றும் கடிதத்தில் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தார்கள். நானும் பார்த்தவள்தான். வடமோடி, தென்மோடி என்று களரியைச் சுற்றி ஊரே இருக்கும். எப்படி இருந்தது தெரியுமா? பாய், தலையணை, பிள்ளைகளுக்குப் போர்வை, அவித்த கச்சான், எல்லாம் கட்டிக்கொண்டு போவோம். அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் கேட்கக் கேட்க நாங்கள் சின்னதுகள் பாயில் நித்திரையாகிவிடுவோம். ராசா வரவுக்கு யாராவது தட்டி எழுப்புவார்கள். என்ட அம்மம்மாவும் அங்கேதான், மாமிமாரும் அங்கேதான். அந்த இரவில் வீட்டில் படலைக்குள் காத்துக்கொண்டு ஒருவரும் இருந்ததில்லை. அதுக்கும் நீங்கள் மூன்று கூட்டாளிமாரோடு மோட்டார் சைக்கிளில் பறக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

"அப்போ மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று உடனே ஓடாதீர்கள். விடியப் பாதை ஏறப்போகிறவவைச் சாமம் ஒரு மணிவரை மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு, பார் உன்னையும் கூட்டிவந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு கொடுமை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியோடு அனுமதி முடிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. விசேட நாட்களுக்கு விலக்கு உண்டு. எங்கட ஊரில்தான் எல்லா நாளும் விசேட நாளாயிற்றே.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாமி குசினியில் இருக்கிற நேரம் போங்கள். எழும்பப் பார்ப்பா, இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருங்கள். "மாமி, படலைத் திறப்பில ஒண்டு எனக்கும் வேணும்" என்று நேரே கேளுங்கள். மனைவியை விட்டுக் கேட்பிக்க வேண்டாம். திறப்பு வெட்டிக் கொடுக்கிறவர்கள் எல்லாச் சந்தையிலும் இருக்கிறார்கள், அது அஞ்சு நிமிச வேலை.

திறப்பு கைக்கு வந்தால் இனி மூன்று மணிக்கும் வரலாம், ஒருவருக்கும் கரைச்சலில்லை என்று ஒரு நினைப்பு இப்பவே உங்கள் மனதில் ஓடியிருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டில் திறப்பு வைத்திருக்கிற ஆம்பிளைதான் இரவில் படலையைப் பூட்டவும் வேண்டும். ஒன்பது மணிக்குப் போய்ப் பூட்டி, கிணற்று மோட்டரைப் பார்த்து, முத்தத்து லைட்டைப் போட்டுவிட்டு, "பூட்டிட்டன் மாமி, படுங்க" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் ஒவ்வொரு இரவும். நீங்கள் அந்தப் பக்கம் நின்றுகொண்டு படலையை இந்தப் பக்கமிருந்து பூட்ட முடியாது. வெள்ளி, சனி, போயா லீவுக்கு முதல் இரவு, பள்ளிக்கூட லீவுக் காலம் என்று இருக்கிறது. அந்த நாட்களில் போங்கள், மாதத்தில் இரண்டு. போகிற அன்றைக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன மணிக்கு வாருங்கள். கடைசிப் பாட்டு நல்ல பாட்டாய்த்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு வாருங்கள்.

மனைவி உடனே சிரித்துக் கதைக்கத் தொடங்குவா என்று நான் உறுதி தரமாட்டேன். ஆறு மாசத்தில் இறுகினது ஆறு நாளில் இளகாது.

ஒன்று மறந்துவிட்டேன். மாமியின் கண்ணில் வெண்படலம் என்று எழுதினீர்கள், அதுக்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்று நாலு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறது? மகளா? அவவுக்குப் பள்ளிக்கூடம். தனியப் பஸ்சில் போகிறாவா? வீட்டில் கிளினிக் கொப்பி இருந்தால் எடுத்து அடுத்த திகதி என்னவென்று பாருங்கள். கொப்பியே இல்லையென்றால் இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள். மாமாங்கத்துக்கு அரைநாள் லீவு போட்டீர்கள்தானே. இதுக்கு முழுநாள் போடுங்கள், அங்கே வரிசை நீளம்.