சங்கத்தின் உதவித்தொகை யாருக்கு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பரிசோதனைக்கூடப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் தொழிற்சங்கக் கிளை உறுப்பினர்களின் பிள்ளைகளில் ஆண்டுக்கு இரண்டு பேருக்குக் கல்லூரி முதலாண்டுச் செலவுக்காக ஆளுக்கு ஆயிரம் டாலர் தருகிறது. இந்த முறை தேர்வுக்குழுவில் என்னையும் போட்டார்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தோம். பார்த்தால் இரண்டு தொகையும் கிளையிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளுக்குப் போயிருந்தன. இரவுப் பணியில் தரை துடைக்கும் ஓர் அம்மாவின் மகள் மயிரிழையில் தவறிவிட்டாள்.

பொதுக்குழுவில் பிள்ளையில்லாத ஓர் உறுப்பினர் எழுந்து, "என் சந்தாவில் அடுத்தவர் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்? அதை வேலைநிறுத்த நிதியில் போடுங்கள்" என்றார். பலர் கைதட்டினார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது சங்கம் செய்ய வேண்டிய வேலைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கைதட்டல் வாங்கியவரிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வேலைநிறுத்த நிதி நான்கு வாரம்கூடத் தாங்காது என்றால் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. உதவித்தொகையை இரண்டு வருடம் நிறுத்திவைப்பதால் குடி முழுகிவிடாது. நிதி போதுமான அளவு இருந்தும் அப்படிப் பேசினார் என்றால் அவரிடம் ஒன்று கேளுங்கள். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒரு குறிப்பாணைகூட வாங்காதவர்கள் உங்கள் கிளையில் எத்தனை பேர்? அவர்கள் கட்டும் சந்தாவிலிருந்துதானே குறிப்பாணை வாங்கியவருக்கு வழக்கறிஞர் வைக்கிறீர்கள்? கட்டிய பணம் கட்டியவர் கணக்குக்கே திரும்ப வேண்டுமென்றால் அதற்கு வங்கி இருக்கிறது, சங்கம் எதற்கு?

ஆனால் உங்களை உறுத்துவது அவர் பேச்சு இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் மூன்றாவதாக நின்றதுதான் உறுத்துகிறது.

'உதவி' என்ற சொல்லுக்குள் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்றொரு படம் இருக்கிறது. முதலாளி கொடுக்கும்போது அது பொருந்தும். அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நிறுவனங்கள் நடத்தும் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவதற்கு அமெரிக்க வரித்துறை 1976இல் விதிமுறை வகுத்தது. தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் போட்டார்கள்: தகுதியோடு விண்ணப்பித்துப் பரிசீலிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் போகக் கூடாது, அல்லது தகுதியுள்ள பிள்ளைகள் அனைவரிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. வாரி வழங்கினால் அது சம்பளத்துக்கு இன்னொரு பெயராகிவிடும் என்ற சந்தேகம்தான் காரணம். சங்கத்தின் பணமோ பிறவியிலேயே சம்பளம். தரை துடைக்கும் அந்த அம்மாவின் கூலியிலிருந்து பிடித்த பணமும் அதற்குள் கிடக்கிறது. அதைக் கொடுக்கும்போது மட்டும் நாம் ஏன் பள்ளி ஆண்டுவிழா நடத்துகிறோம்? அதிக மதிப்பெண்ணுக்குக் கல்லூரிகளே இடமும் சலுகையும் தருகின்றன. அதே மதிப்பெண்ணுக்குச் சங்கமும் ஒருமுறை கூலி கொடுக்க வேண்டியதில்லை.

சரி, மதிப்பெண்ணை விட்டால் எதைப் பார்ப்பது? ஏழ்மையை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருமுறை இதே போன்ற குழுவில் உட்காரும் வரை. வருமானச் சான்றும் குடும்பச் செலவுக் கணக்கும் கேட்டோம். விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்தன. ஏன் போடவில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். "நாளைக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே" என்றார். அறிமுகமில்லாத அதிகாரியிடம் கடனைச் சொல்லலாம். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வது வேறு.

கட்டுரை கேட்கும் சங்கங்களும் இருக்கின்றன. அமெரிக்க மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர் கூட்டமைப்பு தன் குடும்ப உதவித்தொகைக்கு, 'இந்தச் சங்கம் எங்கள் குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கிறது' என்ற பொருளில் எழுதச் சொல்லி வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள அமைப்பு. கொடுத்தது பத்துப் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டாலர். தொகையைவிட அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் எந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சில நாட்களில் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊரிலேயே ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டார். நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தபோது ஏப்ரல் 16 ஆகிவிட்டது. அங்கீகாரம் பெற்றது இந்தக் கூட்டமைப்பின் கிளைதான். அந்தத் தெருக்களில் நடந்தவரின் பேத்தி இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தால், முதலில் பாட்டியிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அப்படி ஓர் உரையாடல் வீட்டில் நடக்குமானால் பரிசு கிடைக்காத பிள்ளைக்கும் நட்டமில்லை.

ஆனால் கட்டுரையை வைத்துத் தரவரிசை போடாதீர்கள். நாங்கள் போட்டோம். பாதிக் கட்டுரைகளில் 'ஒற்றுமையே வலிமை' ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. ஒரு பையன் மட்டும், வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை செய்த சித்தப்பாவைக் கருங்காலி என்று அப்பா திட்டியதையும், அன்றிலிருந்து சித்தப்பா மகனோடு விளையாட முடியாமல் போனதையும், அதனால் சங்கத்தைத் தனக்குப் பிடிக்காது என்பதையும் எழுதியிருந்தான். நான் படித்ததிலேயே நேர்மையான எழுத்து. குழு அவனுக்குக் கடைசி இடம் கொடுத்தது. நானும் ஒப்பமிட்டேன்.

ஆகவே என் யோசனை: குலுக்கல். கல்லூரியில் இடம் கிடைத்திருக்க வேண்டும், கட்டுரை எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. மீதியைச் சீட்டு பார்த்துக்கொள்ளும். உறுப்பினர் கூட்டத்திலேயே பெட்டியை வைத்துச் சீட்டெடுக்கும் கிளைகள் அமெரிக்காவில் உண்டு. இதில் யாரும் யாரிடமும் ஏழ்மையை நிரூபிக்க வேண்டாம். தோற்ற பிள்ளை தான் மட்டமானவள் என்று நினைக்கவும் வேண்டாம். சீட்டு மறுபடியும் அதிகச் சம்பளக்காரர் வீட்டுக்கே போகலாமே என்பீர்கள். போகலாம். அதற்காகப் பெட்டியை இரண்டாக்குங்கள். ஊதியப் படிநிலை உங்கள் ஒப்பந்தத்திலேயே அச்சாகியிருக்கும், அது ஒளிவுமறைவான விஷயமில்லை. கீழ்ப் படிநிலைகளுக்கு ஒரு பெட்டி, எல்லோருக்கும் ஒரு பெட்டி.

குலுக்கலில் அந்தப் பெண்ணுக்கே விழுந்தாலும் வேலை முடிந்துவிடாது. வெளியிலிருந்து ஒரு தொகை வருகிறது என்று தெரிந்தால், தாங்கள் தருவதாகச் சொன்ன மானியத்தில் அதே அளவைக் குறைத்துவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரியின் மானியத்தை நம்பியிருக்கும் ஏழை மாணவிக்குத்தான் இந்த அடி. வசதியானவருக்குக் குறைக்க ஒன்றுமில்லை. உங்கள் உறுப்பினர்கள் சேர்த்த ஆயிரம் டாலர் கடைசியில் கல்லூரிக்கு மிச்சமாகும். அரசுக் கல்லூரிகளில் இதைத் தடுத்து முதலில் சட்டம் போட்ட மாநிலம் மேரிலாந்து, 2017இல். இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் மாணவி முன்கூட்டியே கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் பேசி, மானியத்தைத் தொடாமல் கடன் பங்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை தனியாகப் போய்க் கேட்க மாட்டாள். குழுவில் ஒருவர் கூடப் போகட்டும். ஆயிரம் டாலரைவிட இந்தத் துணை பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளையில்லாதவரின் முணுமுணுப்பைத் தணிக்க இன்னொரு வழியும் இருக்கிறது: சந்தாவைத் தொடாமல் முதலாளியையே பணம் போட வைப்பது. முதலாளி சங்கப் பிரதிநிதிகளுக்குப் பணம் கொடுப்பதை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. 1969இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தினர் ஆகியோரின் படிப்புக்கான பொறுப்பாட்சி நிதியத்துக்கு (டிரஸ்ட்) முதலாளி பணம் செலுத்தலாம், நிர்வாகத்தில் இரு தரப்புக்கும் சம பங்கு வேண்டும். முதலாளிக்குச் சாதகமான ஒரு வரியும் அதிலேயே இருக்கிறது: இப்படியொரு நிதியத்தைப் பற்றிப் பேச மறுத்தால் அது குற்றமில்லை. அதனால் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் இதைத் தனிக் கோரிக்கையாக வைத்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். ஊதிய உயர்வு பேசும்போது, மணிக்கு இத்தனை சென்ட் என்று அதோடு சேர்த்துப் பேசுங்கள்.

மூன்றாமிடத்துப் பெண்ணுக்கு இப்போதைக்கு ஒன்று. சங்க உறுப்பினர்களுக்குச் சலுகைகள் தரும் 'யூனியன் ப்ளஸ்' திட்டத்தில் உங்கள் தாய்ச்சங்கம் சேர்ந்திருந்தால் அவள் அங்கே விண்ணப்பிக்கலாம். 500 முதல் 4,000 டாலர் வரை தருகிறார்கள், பணத்தேவையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உறுப்பினரும் துணைவரும்கூட அதில் விண்ணப்பிக்க முடியும் என்பதால் அந்த அம்மாவிடமும் படிக்க ஆசையிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கிளை விதியில் 'முதலாண்டு' என்று இருக்கும் சொல்லையும் அடுத்த பொதுக்குழுவுக்குள் எடுத்துவிடப் பாருங்கள். அவளுக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு பாக்கி இருக்கும்.