மகன் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

கேள்வி: நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு வயது 64, மனைவிக்கு 60. இந்துக் குடும்பம். பணியில் இருந்தபோது கடன் வாங்கிக் கட்டிய வீடு ஒன்று என் பெயரில் உள்ளது. கடன் முழுவதும் அடைந்துவிட்டது. மகனும் மகளும் திருமணமானவர்கள். மகன் குடும்பத்துடன் எங்களோடு இருக்கிறார். மாடி கட்ட வங்கிக் கடன் வாங்கப்போவதாகவும், வீடு தன் பெயரில் இருந்தால்தான் கடன் கிடைப்பது எளிது என்றும் சொல்லி, செட்டில்மெண்ட் பத்திரத்தின் வரைவைத் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மனைவி தயங்குகிறார். பின்னால் சிக்கல் வந்தால் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறார் பத்திர எழுத்தர். அது சரியா? ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு மகனை நாமினியாகக் காட்டியிருக்கிறேன். அதில் மகளுக்கு உரிமை உண்டா? வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பியுள்ள வடிவில் இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். உங்கள் மகனைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. இன்று அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளை ஒரு தகராறோ ஒரு மரணமோ ஒரு கடன் பாக்கியோ வரும்போது நீதிமன்றமும் வங்கியும் பார்க்கப்போவது பத்திரத்தின் வாசகத்தை மட்டுமே. அந்த வாசகத்தில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் எந்த இடமும் இல்லை.

வரைவின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். "மேற்படி சொத்தை இன்றைய தேதியிலேயே உன் சுவாதீனத்தில் விட்டுவிட்டபடியால், இனி நீயே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த பத்தியில், "இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு உரிமையில்லை" என்று நீங்களே ஒப்புக்கொள்வதாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் வாசகத்தின்படி, பதிவு முடிந்த அன்றே நீங்கள் உங்கள் வீட்டில் மகனின் அனுமதியோடு குடியிருப்பவர் ஆகிவிடுகிறீர்கள். இரண்டாவது வாசகம் திரும்பி வரும் வழியை அடைக்கிறது. இவை பத்திரங்களில் வழக்கமாக இடம்பெறும் வரிகள் என்பதால் எழுத்தர் யோசிக்காமல் சேர்த்திருக்கலாம். ஆனால் வழக்கமான வரி என்பதால் அதன் சட்ட விளைவு குறைந்துவிடாது.

ரத்து செய்துகொள்ளலாம் என்று எழுத்தர் சொன்னது தவறு. பணம் எதுவும் வாங்காமல் மகனுக்கு எழுதிக் கொடுக்கும் இந்த செட்டில்மெண்டைச் சட்டம் தானமாகவே பார்க்கிறது. சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 122, 123ஆம் பிரிவுகளின்படி இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் பதிவு செய்யப்பட்டு, பெறுபவர் ஏற்றுக்கொண்ட தானம் முழுமை பெற்றுவிடுகிறது. அதன்பின் நீங்கள் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒருதலைப்பட்சமாக எழுதும் ரத்துப் பத்திரத்தால் சொத்து உங்களிடம் திரும்பிவிடாது. மோசடி, வற்புறுத்தல் போன்ற காரணங்களைக் காட்டிச் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் அந்தக் காரணத்தை நீங்கள் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும், நிரூபிக்கும் சுமையும் உங்களுடையது. "நான் விரும்பும்போது ரத்து செய்துகொள்வேன்" என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். 126ஆம் பிரிவு அதையும் அனுமதிப்பதில்லை. கொடுப்பவரின் விருப்பத்தை மட்டுமே சார்ந்து ரத்தாகக்கூடிய தானம் செல்லாது. உங்கள் கையில் இல்லாத ஒரு நிகழ்வை, உதாரணமாக மகன் உங்களைப் பராமரிக்கத் தவறுவதை, ரத்துக்கான காரணமாக இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினால் அது செல்லும். இந்த வேறுபாட்டை உங்கள் எழுத்தருக்கு அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கேதான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 வருகிறது. 60 வயது நிறைந்த ஒருவர், அடிப்படை வசதிகளையும் அடிப்படைத் தேவைகளையும் பெறுபவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்ய மறுத்தாலோ தவறினாலோ, அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்கிறது இதன் 23ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயத்தை நடத்துபவர் வருவாய்க் கோட்டாட்சியர். சிவில் வழக்கோடு ஒப்பிட்டால் இது செலவும் காலமும் குறைந்த வழி.

ஆனால் "நிபந்தனையோடு" என்ற அந்த ஒரு சொல்லில்தான் பல பெற்றோர் தோற்றுப்போகிறார்கள். நிபந்தனை இருந்தது என்று காட்டாதவரை 23ஆம் பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், மகன் தாயைக் கவனித்துக்கொள்வதாகத் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துப் பார்த்து, இது மூத்தோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, சொத்தைத் தாய்க்கே திருப்பித் தர உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே சென்று, அன்பும் பாசமும் காரணமாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் பராமரிக்கும் கடமை மறைமுகமாக அடங்கியே இருக்கிறது என்றது. இந்தத் தீர்ப்புகள் ஏற்கெனவே கையெழுத்திட்டு வீட்டை இழந்து நிற்கும் பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். இன்னும் கையெழுத்திடாத நீங்கள் இவற்றை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. எழுதப்பட்ட நிபந்தனையைப் படித்துக் காட்டினால் போதும். எழுதப்படாததை வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும்.

நிபந்தனையை எழுதச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. வீடு மகன் பெயருக்கு வந்தவுடன் அவர் அதை வங்கியில் அடமானம் வைக்கப்போகிறார். தவணை நின்றால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குத் தொடராமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விட முடியும். உங்கள் உரிமை எதையும் அறியாமல் கடன் கொடுத்த வங்கிக்கு எதிராக 23ஆம் பிரிவைக் கொண்டு போராடுவது மிகக் கடினம். பதிவான பத்திரத்திலேயே நிபந்தனை இருந்தால், வங்கியின் வழக்கறிஞர் மூல ஆவணத்தைப் படிக்கும்போதே அது கண்ணில் படும். பின்னால் தெரியாது என்று வங்கி சொல்ல இயலாது.

இன்னொரு நிலையையும், எழுதத் தயக்கமாக இருந்தாலும், நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வீடு மகன் பெயரில் இருக்கையில், உயில் எழுதாமல் அவர் உங்களுக்கு முன்பே காலமாகிவிட்டால் என்ன ஆகும்? இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை இரண்டாம் வகுப்பில் வருகிறார். அதாவது உங்கள் மனைவிக்கு ஒரு பங்கு கிடைக்கும். கடன் வாங்கிச் சிறுகச் சிறுகக் கட்டிய உங்களுக்கு ஒரு சதுர அடிகூடக் கிடைக்காது. வீட்டை எழுதிக் கொடுக்கும் தந்தையரில் பெரும்பாலோருக்கு இது தெரிவதில்லை. மருமகளோடு மனவருத்தம் ஏற்படும் நிலையிலும், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கொண்டு அவரை உடனே வெளியேற்றிவிட முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் தரும் வசிப்புரிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அவருக்கும் தேவைதான். ஆகவே உங்கள் பாதுகாப்பை முன்கூட்டியே பத்திரத்தில் அமைத்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது.

இனி, மகனின் தேவையைப் பார்ப்போம். மாடி கட்ட வீட்டின் உரிமை மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மனையின் உரிமையாளரான தந்தை இணைக் கடன்தாரராகச் சேர்ந்து மூல ஆவணங்களை ஒப்படைத்தால், மகனின் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு வீட்டுக் கடன் தரும் வங்கிகள் உண்டு. மகனை முதலில் அந்த வழியில் விசாரிக்கச் சொல்லுங்கள். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நீங்களும் கடனுக்குப் பொறுப்பாவீர்கள், தவணை நின்றால் வீடு ஏலத்துக்கு வரும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் உரிமை உங்களிடமே இருக்கும். கடன் தீர்ந்ததும் ஆவணங்கள் உங்கள் கைக்கே திரும்பும். கடன் தொகைக்கு மகன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்த பிறகே கையெழுத்திடுங்கள். வைப்புத்தொகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் கடனுக்குப் பிணையாகக் கொடுக்காதீர்கள். அரசு ஓய்வூதியத்தைக் கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாதபடி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. வைப்பு ரசீதை நீங்களே முன்வந்து ஈடாக எழுதிக் கொடுத்தால் வங்கி அதைத் தன் கடனுக்கு நேர் செய்துகொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் இப்போதே எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், வரைவைத் திருத்தி எழுதுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும், உங்களில் ஒருவருக்குப் பின் மற்றவரும், ஆயுள் உள்ளவரை வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கவும் அதன் வாடகை வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை உடையவர்கள் என்று ஆயுட்கால உரிமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். இதில் மனைவியின் பெயர் தனியே இடம்பெற வேண்டும். கணவரின் ஆயுட்கால உரிமையை மட்டும் எழுதிவிட்டு மனைவியை மறந்த பத்திரங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தக் கணவர் மறைந்த மறுநாளே மனைவிக்கு அந்த வீட்டில் எழுத்துப்பூர்வமான உரிமை எதுவும் இருப்பதில்லை. உங்கள் மனைவியின் தயக்கத்துக்குச் சட்டப்படி முழு நியாயம் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள். அடுத்து, உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை இருவருக்கும் மகன் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதும், தவறினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி இந்தப் பத்திரம் செல்லாததாகும் என்பதும், உங்கள் இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பதும் இடம்பெறட்டும். "எக்காலத்திலும் ரத்து செய்ய உரிமையில்லை" என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மகனும் பத்திரத்தில் கையெழுத்திட்டு நிபந்தனைகளை ஏற்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், உங்களுக்குப் பொருத்தமானது உயில்தான். அது உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவு செய்த உயிலையும் மாற்றலாம். முதலில் மனைவிக்கு ஆயுட்கால உரிமை, அவருக்குப் பின் மகனுக்கு முழு உரிமை, மகளுக்கு நீங்கள் விரும்பும் தொகை என்று எழுதலாம். சட்டப்படி பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். சாட்சிகள் இருவரும் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், உயிலால் பலன் பெறாதவர்களாகவும் இருக்கட்டும். பிற்காலத்தில் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம்.

வைப்புத்தொகையைப் பொறுத்தவரை, நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் உடையவர் மட்டுமே. அதனால் அவர் அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வங்கி வைப்புகளில் இதுவே நிலை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் உயில் எழுதாமல் காலமானால், உங்கள் தாயார் உயிரோடு இல்லை என்ற நிலையில், மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு உண்டு. திருமணத்துக்குச் சீர் செய்தாயிற்று என்ற காரணத்தால் மகளின் பங்கு குறையாது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வீடும் வைப்பும் உங்கள் சுய சம்பாத்தியம் என்பதால் மகனோ மகளோ அவற்றில் பங்கு கேட்க முடியாது. மனைவி மாதச் செலவுக்கு மகனிடம் கேட்டு நிற்கும் நிலை வராதிருக்க, வைப்பை இருவர் பெயரிலும் "இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் மாற்றி, நாமினி விவரத்தையும் அதே நாளில் வங்கியில் திருத்திக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன்பதிவு செய்திருந்தால் அதை இப்போது நிறுத்திவையுங்கள். திருத்திய வரைவை உங்கள் மனைவியும் ஒருமுறை முழுவதுமாகப் படிக்கட்டும்; பிறகு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.